குமரி மாவட்டத்திலிருந்து பன்னாட்டு ஸ்டெம் செல் மாநாட்டுக்கு: ஆய்வு மாணவருக்கான வழிமுறைகள்

ஸ்டெம் செல் என்பது தன்னைப் போன்ற செல்லையும் வேறு வகைச் செல்களையும் தரவல்ல மூலச் செல். அதைப் பற்றிய பன்னாட்டு ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போவதென்று முடிவெடுத்த ஆய்வு மாணவர், வேறு எதையும் தொடுவதற்கு முன், தம் பாஸ்போர்ட்டில் பெயர் அச்சிட்டிருக்கும் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியலை வைத்துக்கொண்டு பள்ளி, கல்லூரி, ஆய்வுப் பதிவு என எல்லாவற்றையும் கடந்துவிடலாம். மாநாட்டுப் பதிவுப் படிவமோ குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. நான் முதல்முறை பதிவு செய்தபோது யோசிக்காமல் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். கழுத்தில் தொங்கவிடும் அட்டையில் அந்தப் பெயர்தான் பெரிய எழுத்தில் அச்சாகி வந்தது. நான்கு நாளும் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் அப்பாவிடம் திரும்பி வந்து அதைச் சொன்னபோது, "அப்பம் நானாக்கும் போயிட்டு வந்தேன்" என்று சிரித்தார்.

அது சிரிப்போடு முடிந்துபோனது என் அதிர்ஷ்டம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகவும், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகளும் அச்சாகின்றன. ஆகவே பாஸ்போர்ட், ஆய்வுச் சுருக்கம், மாநாட்டுப் பதிவு, விசா விண்ணப்பம், விமானச் சீட்டு ஆகிய ஐந்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைத் திருத்த வேண்டுமென்றால் அதற்கான காலத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது அது செல்லுபடியாக இருந்தால் பெரும்பாலும் கேள்வி எழாது.

எந்த மாநாடு, எப்போது

இத்துறையின் பெரிய கூட்டம், 2002-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆண்டு மாநாடுதான். 2023-இல் பாஸ்டனிலும் 2024-இல் ஹாம்பர்க்கிலும் 2025-இல் ஹாங்காங்கிலும் அது நடந்தது. பெரும்பாலும் ஜூன் அல்லது ஜூலையில் நடக்கும் இக்கூட்டத்துக்கு, நம் ஊரில் இடவப்பாதி மழை வெளுத்து வாங்கும் நேரத்தில் நாம் புறப்பட வேண்டியிருக்கும். ஆய்வுச் சுருக்கத்தை அனுப்ப வேண்டிய காலக்கெடுவோ அதற்குப் பல மாதங்கள் முன்பே, பொங்கலை ஒட்டிய வாரங்களிலேயே நெருங்கிவிடும். எனவே முந்தைய ஓணத்துக்குள் எந்தத் தரவைக் கொண்டுபோகப் போகிறோம் என்பதில் நெறியாளருடன் ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது.

பெரிய மாநாட்டுக்கு நேரடியாகப் போவதைக் காட்டிலும் பக்கத்தில் நடக்கும் ஒரு கூட்டத்தில் முதலில் போஸ்டர், அதாவது ஆய்வு முடிவைப் படங்களோடு விளக்கும் பெரிய தாள், வைத்துப் பழகுவதே மேல் என்பது என் கருத்து. திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையமும், பெங்களூரில் அதன் தாய் நிறுவனமான இன்ஸ்டெமும் இருக்கின்றன. இவை நடத்தும் கருத்தரங்குகளுக்குப் பேருந்திலோ இரவு ரயிலிலோ போய்விடலாம். அங்கே தடுமாறுவதால் பெரிய நட்டமில்லை.

ஆய்வுச் சுருக்கமும் அதற்கு முன்னுள்ள தாள்களும்

மனிதத் திசுவிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு ஆய்வு செய்திருந்தால், சுருக்கத்தை எழுதுவதற்கு முன் அனுமதித் தாள்களை எடுத்து மேசைமேல் வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, ஸ்டெம் செல் ஆய்வு நடக்கும் நிறுவனத்தில் அதற்கெனத் தனிக் குழு இருக்க வேண்டும். அது தேசிய அளவிலான உயர்நிலைக் குழுவிடம் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். வழக்கமான மனித ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதுமென்று நம் கல்லூரிகளில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பிரசவ அறையிலிருந்து தொப்புள்கொடி பெற்றிருந்தால், தாய் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் தமிழில் இருந்ததா என்பதும் கேள்விக்கு வரும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஆய்வில் காப்புரிமை பெறத்தக்க ஏதேனும் இருந்தால், சுருக்கம் வெளியாவதற்கு முன்பே விண்ணப்பத்தைப் பதிந்துவிட வேண்டும். போஸ்டரில் ஒட்டியதும் அது உலகறிந்த செய்தியாகிவிடும். பிறகு பல நாடுகளில் அதன் புதுமையை நிலைநாட்ட முடியாது.

சுருக்கத்தை எழுதும்போது, ஸ்டெம் செல்களின் பெருமையைப் பாடி முதல் மூன்று வரிகளை வீணாக்காதீர்கள். 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் ஸ்டெம் செல் வரிசையை உருவாக்கியதும், 2006-இல் ஷின்யா யமனாக்கா நான்கே மரபணுக்களைக் கொண்டு எலியின் தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குப் பின்னோக்கித் திருப்பியதும், 2012-இல் அதற்காக ஜான் கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் அதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். எந்தச் செல், எத்தனை கொடையாளர்கள், என்ன செய்தீர்கள், என்ன எண்ணிக்கை கிடைத்தது, எதை இன்னும் செய்யவில்லை என்பவை இருந்தால் போதும். பன்னாட்டுச் சங்கம் 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தர அளவைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள். மதிப்பீட்டாளர் எதைத் தேடுவார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பணமும் விசாவும்

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கில்லை. மாநாட்டை நடத்தும் சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் மாணவர்களுக்கும் கட்டணம் குறைவு. பயண உதவித்தொகைக்கும் பெரும்பாலும் உறுப்பினராக இருப்பது தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உயிரித்தொழில்நுட்பத் துறை, முன்னர் எஸ்.இ.ஆர்.பி. (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) என்று நாம் அறிந்திருந்ததை உள்ளடக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியம் ஆகியவை பயண நிதி வழங்குகின்றன. ஒவ்வொன்றின் காலக்கெடுவும் வயது வரம்பும் வேறு என்பதால், சுருக்கம் ஏற்கப்படும் முன்பே படிவங்களை நிரப்பி வைத்திருங்கள். அரசு நிதியில் பயணம் செய்வோர் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்றின் வழியாகவே விமானச் சீட்டு எடுக்க வேண்டும் என்று நிதியமைச்சகம் 2022-இல் அறிவுறுத்தியிருக்கிறது. மலிவாகக் கிடைத்ததென்று கைபேசிச் செயலியில் எடுத்துவிட்டுப் பிறகு பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் தவிப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே ஆய்வு செய்பவராக இருந்தால், வெளிநாட்டுப் பயணத்துக்கான தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். என் கோப்பு ஓர் அலுவலகத்தில் ஆறு வாரம் ஒரே மேசையில் இருந்தது; காரணம், இணைப்பில் அழைப்புக் கடிதத்தின் தமிழாக்கம் இல்லை என்பதாம். யாரும் அதை எனக்குத் தெரிவிக்கவில்லை. நேரில் போய்க் கேட்ட அன்று மாலையே அங்கே உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கையொப்பம் ஆயிற்று.

விசா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகளுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஹாங்காங்கில் பதினான்கு நாள்வரை தங்க இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் புறப்படும் முன் இணையத்தில் முன்பதிவு செய்து அந்தத் தாளை எடுத்துச் செல்ல வேண்டும். அமெரிக்காவானால் நேர்காணலுக்குச் சென்னை போக வேண்டும். மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை எழும்பூரில் இறங்கலாம் என்றாலும், மழைக்காலத்தில் ரயில் தாமதமாவதை நினைத்து நேர்காணலுக்கு முதல் நாளே அங்கே இருந்துவிடுங்கள். மாநாட்டு அமைப்பாளர்கள் கேட்டால் அழைப்புக் கடிதம் அனுப்புவார்கள், கேட்காமல் வராது. எந்த நாட்டு அதிகாரியாக இருந்தாலும், "என்ன ஆய்வு செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஆய்வகச் சொற்களைத் தவிர்த்து இரண்டு வாக்கியத்தில் விடை சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

போஸ்டர்

பெரும்பாலான மாநாடுகள் ஏ-0 அளவை, அதாவது 841 மி.மீ. அகலமும் 1189 மி.மீ. உயரமும் கொண்ட தாளை, ஏற்கின்றன. எனினும் பலகையின் அளவையும் அது நெடுக்கா குறுக்கா என்பதையும் அறிவிப்பில் பார்த்த பிறகே வடிவமைக்கத் தொடங்குங்கள். துணியில் அச்சிடச் சொல்லுங்கள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், நனைந்தாலும் உலர்ந்துவிடும்.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பயணத்துக்கு வழுவழுப்பான தாளில் அச்சிட்டு, நெகிழிக் குழாயில் சுருட்டி எடுத்துப் போனேன். தக்கலையில் பேருந்து ஏறும்போது நடத்துநர் அதைப் பார்த்துவிட்டு, "தூண்டிலா? எந்தக் கடலுக்கு?" என்றார். மார்த்தாண்டம் தாண்டியதும் பிடித்த மழை ஜன்னல் வழியாக அடித்து, சரியாக மூடாத குழாயின் வாய்க்குள் இறங்கியிருக்கிறது. மாநாட்டு அரங்கில் விரித்துப் பார்த்தபோது, ஒளிரும் சாயமேற்றிய செல்களின் படத்தில் பச்சை நிறம் கரைந்து, பக்கத்தில் இருந்த அளவுகோலின்மேல் வழிந்து காய்ந்து போயிருந்தது. அந்த மூலையைக் கைபேசியில் வைத்திருந்த மூலப் படத்தைக் காட்டித்தான் விளக்க நேர்ந்தது.

போஸ்டரில் எழுத்தைக் குறைத்துப் படங்களைப் பெரிதாக்குங்கள். நடுவில் ஒரே வாக்கியமாக உங்கள் முடிவு இருக்கட்டும். அதன் முன் நின்று சொல்ல இரண்டு நிமிட உரை ஒன்றை ஆயத்தம் செய்து, துறைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அத்துடன், எல்லோரும் கேட்கும் சில கேள்விகளுக்கு விடை நுனிநாக்கில் இருக்க வேண்டும்: செல்கள் எத்தனையாவது முறை பெயர்த்து வளர்க்கப்பட்டவை, நிறப்புரி (குரோமோசோம்) அமைப்பைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புகும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்று இல்லையென்று எப்படித் தெரியும், ஒரே கொடையாளரின் செல்லை மூன்று கிண்ணத்தில் வளர்த்துவிட்டு மூன்று மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு விழிப்பவர்கள் அதிகம்.

செல்களைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போய் அங்குள்ள நண்பரின் ஆய்வகத்தில் கொடுத்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். உயிரியல் பொருளை நாடு விட்டு நாடு அனுப்ப இரு நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தமும் உரிய அனுமதிகளும் வேண்டும்.

புறப்படும் நாள்

நமக்கு அருகிலுள்ள விமான நிலையம் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்தான் என்று நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. களியக்காவிளையில் தொடங்கி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்வரை சாலை எந்த நேரமும் அடைத்துக் கிடக்கும். மூன்று மணி நேரத்துக்கு முன் விமான நிலையத்தில் இருக்க வேண்டுமென்றால், வீட்டிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு முன் இறங்கிவிடுங்கள். ரயில் நேரம் ஒத்துவந்தால் ரயிலே மேல். உணவு பழகாதவர்கள் அடைத்து முத்திரையிட்ட நேந்திரங்காய்ச் சிப்ஸ் எடுத்துப் போகலாம். மட்டிப்பழத்தை ஆசைப்பட்டு எடுத்துப் போனால் இறங்கும் நாட்டின் சுங்கத்தில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

அரங்கத்துக்குள்

முதல் நாள் காலையில் கையில் தரப்படும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரே நேரத்தில் ஐந்தாறு அமர்வுகள் நடக்கும். ஒன்றில் கருமாதிரிகள், ஒன்றில் மூளை உறுப்பகங்கள் (ஆய்வகத்தில் வளர்த்த குட்டி மூளைத் திசுக்கள்), ஒன்றில் ரத்த உருவாக்கம், இன்னொன்றில் மருத்துவச் சோதனைகள். விமானத்தில் இருக்கும்போதே மாநாட்டுச் செயலியில் ஒரு நாளைக்கு நான்கு உரைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் மூன்று உங்கள் ஆய்வோடு நேரடித் தொடர்புடையதாகவும், ஒன்று சற்றும் தொடர்பில்லாததாகவும் இருக்கட்டும். பெரிய பெயர்கள் பேசும் பொது அமர்வுகளில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஏற்கெனவே இதழ்களில் வெளியானது. வெளிவராத, பாதி முடிந்த, தோற்றுப்போன சோதனைகளைப் பற்றிய பேச்சு போஸ்டர் கூடத்தில்தான் கேட்கும். அங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும் என்பேன்.

என் போஸ்டர், தொப்புள்கொடியின் கூழ்ப்பகுதியிலிருந்து பிரித்தெடுத்த மீசென்கைமல் ஸ்டெம் செல்களை, அதாவது எலும்பு, கொழுப்பு போன்ற திசுக்களைத் தரக்கூடியவை எனப்படும் செல்களை, பற்றியது. இரண்டாம் நாள் மாலை, காபிக் கோப்பையோடு வந்த ஒரு முதியவர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "இவற்றை ஏன் ஸ்டெம் செல் என்கிறீர்கள்?" என்று கேட்டார். 2006-இல் பன்னாட்டுச் செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த அளவைகளை ஒப்பித்தேன்: கிண்ணத்தில் ஒட்டி வளர்கின்றன, சி.டி.73, சி.டி.90, சி.டி.105 ஆகிய மேற்பரப்புப் புரத அடையாளங்கள் இருக்கின்றன, எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு செல்களாக மாறுகின்றன. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாதாரண இணைப்புத் திசு நார்ச்செல்லிலும் அந்த மூன்று அடையாளங்கள் தென்படுமே, நீங்கள் ஒரு தனிச் செல்லை எடுத்து, அது தன்னைப் போலவே இன்னொன்றையும் வேறு வகைகளையும் தருகிறது என்று காட்டினீர்களா என்றார். காட்டவில்லை. மீசென்கைமல் ஸ்டெம் செல் என்ற சொல்லை முன்மொழிந்த ஆர்னால்ட் கேப்லனே 2017-இல் அதை மாற்றும்படி எழுதியதை அன்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஊருக்கு வந்ததும் என் ஆய்வேட்டில் தலைப்பிலிருந்தே ஒரு சொல் மாறியது. தனிச் செல் வளர்ப்புச் சோதனைக்கென எட்டு மாதம் கூடுதலாக ஆயிற்று.

இப்படிப்பட்ட கேள்வி வந்தால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "நீங்களாக இருந்தால் இதை எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். நம் கல்லூரி வாய்மொழித் தேர்வுகளில் அப்படிக் கேட்டால் அதிகப்பிரசங்கம் என்பார்கள். அங்கே அதற்குத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள். பேசி முடித்ததும் அட்டையின் பின்புறத்தில் அவர் பெயரையும் பேசிய பொருளையும் ஒரு வரி எழுதி வையுங்கள். மாலைக்குள் பத்து முகங்கள் கலந்துவிடும்.

உரைகளைக் கேட்கும்போது ஐயத்தைக் கைவிட வேண்டாம். 2014 ஜனவரியில், செல்களை அமிலத்தில் சற்று நேரம் வைத்தாலே அவை ஸ்டெம் செல்லாக மாறுகின்றன என்ற ஜப்பானிய ஆய்வு நேச்சர் இதழில் வெளியாகி உலகையே வியக்க வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. வேறு எந்த ஆய்வகத்தாலும் அதைத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. திரையில் அழகான படம் வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கட்டுப்பாட்டு மாதிரி எங்கே என்று தேடும் பழக்கம் வேண்டும். படமெடுக்கக் கூடாது என்ற குறி இருக்கும் திரைகளையும் போஸ்டர்களையும் கைபேசியில் எடுக்காதீர்கள். பார்த்துவிட்டால் அரங்கிலிருந்து வெளியேற்றுவார்கள்.

கண்காட்சிக் கூடத்தில் வணிக நிறுவனங்கள் பேனாவும் பையும் கொடுக்கும். பேனாவைக் காட்டிலும் பயனுள்ளது, அங்கு நிற்கும் தொழில்நுட்ப வல்லுநரிடம் உங்கள் வளர்ப்பூடகச் சிக்கலை விளக்கிக் கேட்பது. மாதிரிப் புட்டியை விமானத்தில் எடுத்துவர முயல வேண்டாம். இந்திய முகவர் வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

திரும்பிய பின்

ஊருக்கு வந்த முதல் வாரத்தில் இரண்டு வேலைகள் உண்டு. பேசிய ஒவ்வொருவருக்கும், பேசிய பொருளைக் குறிப்பிட்டு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புவது ஒன்று.

மற்றது, தெருவுக்கு விடை சொல்வது. ஸ்டெம் செல் மாநாட்டுக்குப் போய் வந்தவர் என்று தெரிந்ததும் முட்டுவலிக்காரர், சர்க்கரைக்காரர், ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய் என்று ஒவ்வொருவராக வருவார்கள். சிலர் கையில் ஏதோ ஒரு மருத்துவமனையின் பல லட்ச ரூபாய் மதிப்பீட்டுத் தாளும் இருக்கும். இந்தியாவில் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டிருப்பது ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை, ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் என்றும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்த ஒன்றிரண்டு தயாரிப்புகள் நீங்கலாகப் பிறவெல்லாம் பதிவு பெற்ற மருத்துவச் சோதனையில் மட்டுமே தரப்படலாம், அப்படிப்பட்ட சோதனையில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். சர்க்கரை நோயைப் பற்றி என் பக்கத்து வீட்டு மாமா கேட்டார். 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய, இன்சுலின் சுரக்கும் கணையத் தீவுச் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் தேவைப்படவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அவர்கள் எல்லோரும் முதல் வகை நீரிழிவின் கடுமையான நிலையில் இருந்தவர்கள், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள், உங்களுடையது இரண்டாம் வகை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. "அப்பம் மாத்திரையத் தின்ன வேண்டியதுதான்" என்று எழுந்து போனார்.

பயண நிதிக் கணக்கை ஒப்படைக்க விமான ஏறுசீட்டுகளின் அசல் வேண்டும். அவை வெப்ப அச்சுத் தாளில் வருவதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்று மாதத்தில் எழுத்து மங்கிவிடும். இறங்கிய அன்றே ஒளிநகல் எடுத்து, அசலோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துவிடுங்கள்.